ஏழாவது மலை

எனக்கு வாய் கொஞ்சம் கூட. பெருமைக்குச் சொல்லேல்லை. ஆனால் முதலே சொல்லி வைக்கிறன், ஏனெண்டால் நடந்ததெல்லாம் என்ரை வாயால வந்த வினைதான். ஆஸ்பத்திரி லாப்பில இருபது வருசத்துக்கு மேல இரத்தம் எடுத்து, சோதிச்சு, முடிவு எழுதிக் குடுக்கிறன். இரத்தம் குடுக்க வாற சனத்துக்கு நான் ஏசாத நாள் இல்லை. வெறும் வயித்தோட வாங்கோ எண்டால் ரெண்டு பணிஸ் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டு வருவினம். கேட்டால், “அது சாப்பாடே பிள்ளை?” எண்டுவினம். ஏசினால்தான் வேலை நடக்கும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேளாதேங்கோ. உருத்திரபுரத்தில இருந்து ஸ்கூட்டியில போய்வரக்கூடிய தூரம், அவ்வளவுதான் சொல்லுவன்.

சில வருசத்துக்கு முன்னம் எங்கடை லாப்புக்கு ஒரு மெஷின் வந்தது. இரத்தத்தில இருக்கிற புரதங்களை வகை வகையாப் பிரிச்சுக் காட்டுற மெஷின். முந்தி இந்த வேலையை ஜெல்லில செய்தனாங்கள். ஊத்தி, ஓடவிட்டு, சாயம் போட்டு, கழுவி, காய வைச்சு, அதுக்குள்ள கரண்ட் போய் எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்கி, ஒரு நாளே போயிடும். புது மெஷினுக்குள்ள தலைமயிரிலும் மெல்லிசான கண்ணாடிக் குழாயள் இருக்கு. உறைஞ்ச இரத்தத்துக்கு மேல நிக்குமே ஒரு மஞ்சள் தண்ணி, அதில ஒரு சொட்டு அந்தக் குழாய்க்குள்ள போகும். மின்சாரம் பாயும். ஒவ்வொரு புரதமும் தன்ரை தன்ரை வேகத்தில மற்றப் பக்கத்துக்கு ஓடி வரும். அங்கை கண்ணுக்குத் தெரியாத ஊதா வெளிச்சம் ஒண்டு காவல் நிக்குது. புரதம் கடக்கேக்கை அந்த வெளிச்சத்தை மறிக்கும். கொஞ்சமா மறிச்சால் கோடு கொஞ்சமா ஏறும், கனக்க மறிச்சால் உயர ஏறும். நான் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிய முன்னம் படம் திரையில வந்திடும். கெட்டிக்கார மெஷின்தான். ஆனால் மறிச்சது ஆர் எண்டு அதுக்குத் தெரியாது. எதோ மறிச்சது எண்டு மட்டும்தான் தெரியும். இதை மட்டும் நினைவில வைச்சுக்கொள்ளுங்கோ.

சுகமான ஆளின்ரை இரத்தத்தில கோடு ஆறு தரம் ஏறி இறங்கும். முதலாவது நல்ல உயரம், மற்ற அஞ்சும் பதிவு. நாங்கள் அதுக்கு இங்கிலீசுப் பேரைச் சொல்லிக் கதைச்சுக்கொண்டு இருந்தனாங்கள். மலை எண்டு பேர் வைச்சது அக்கா.

அக்கா எண்டால் எங்கடை லாப்பைக் கூட்டித் துடைக்கிறவா. என்னை விட மூண்டு வயசு மூப்பு, அதால எனக்கு அக்கா. நான் அவவுக்கு மிஸ். கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டிட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்த சனத்தின்ரை பிள்ளை. வரேக்கை கைக்குழந்தையாம். மலைநாட்டில பிறந்தும் மலை ஒண்டையும் பாத்த நினைவு இல்லை. “கதவத் தொறந்தா மலைதான்னு எங்கம்மா சொல்லும் மிஸ். எனக்குக் கதவத் தொறந்தா வயலும் மாடும்தானே” எண்டு சிரிப்பா. ‘ஓம்’ எண்டுறதை எங்களிட்டை எடுத்துக்கொண்டா. ‘வாறன்’ மட்டும் அவவுக்கு இண்டைக்கும் வராது, ‘வர்றேன்’தான்.

மெஷின் நிக்கிற அறையிலதான் ஏசி இருக்கு. அதால அக்கா அந்த அறையைத் துடைக்க மட்டும் மெத்த நேரம் எடுப்பா. துடைச்சு முடிஞ்சாலும் போக மாட்டா. மொப் தடியில நாடியை வைச்சுக்கொண்டு எனக்குப் பின்னால நிண்டு திரையைப் பாத்து எண்ணுவா. “ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஆள் தப்பிட்டாரு மிஸ்.” இது என்ன, நாடகமோ பாக்கிறியள் எண்டு நான் கேப்பன். கேட்டிட்டு, நானும் அவா எண்ணி முடிக்கு மட்டும் அடுத்த படத்துக்குப் போகாமல் இருப்பன். அது எனக்கே கன நாளாத் தெரியேல்லை.

மெஷின் வந்த புதிசில ஒருக்கா, வயல் செய்யிற ஒரு கமக்காரரின்ரை படத்தில ஏழாவது ஒண்டு வந்தது. ஒடுக்கமா, செங்குத்தா, நட்டு வைச்ச கம்பி போல. எலும்புக்குள்ள இருக்கிற ஊனில ஒரு வகைப் புற்றுநோய் வந்தால் ஒரே சாதிப் புரதம் அளவுக்கு மிஞ்சி ஊறும், அது இப்பிடித் தனியா எழும்பி நிக்கும். டொக்டர் வந்து நிண்டு என்னோட கதைச்சதை அக்கா வாசலில நிண்டு கேட்டிருக்கிறா. அதுக்குப் பிறகு ஆறோட நிண்டால் அவவின்ரை முகம் தெளியும். ஏழு வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு போயிடுவா. ஆளை ஆரெண்டும் தெரியாது, எண்டாலும் அண்டைக்கு முழுக்க அவவுக்கு முகம் இராது.

போன வருசம் மாசி மாசம், அறுவடை நேரம், அக்காவுக்கு இடுப்புப் பக்கம் நாரி நோகத் தொடங்கினது. குனிஞ்சால் நிமிர ஏலாது. மேசைக்காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்புவா. “டொக்டரிட்டைச் சொல்லுங்கோ அக்கா. மொப்புக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?” எண்டு நான்தான் ஏசி அனுப்பினனான். டொக்டர் பாத்தார். ஆள் மெலிஞ்சு போச்சு, இரத்தத்தில வேற ஒரு முடிவும் கூடக் காட்டுது, சரியாப் பாக்கவேணும் எண்டு ரெண்டு துண்டு எழுதிக் குடுத்தார். ஒண்டு யாழ்ப்பாணத்தில ஸ்கான் எடுக்க. அதுக்குத் தவணை வரேக்கை போன் பண்ணுவினம். மற்றது எங்கடை மெஷினில புரதம் பாக்க.

அந்த மாசம் லாப்புக்கு நான்தான் பொறுப்பு. லீவுத் துண்டில கையெழுத்து வைக்கிறதும் நான்தான். அக்கா கிளினிக் எண்டு ஒரு நாள், சலம் சோதிக்க எண்டு ஒரு நாள், எக்ஸ்ரே எண்டு ஒரு நாள் லீவு கேட்டா. மூண்டாம் தரம் கேக்கேக்கை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலைக்கு ஆள் இல்லை, நிலமெல்லாம் அறுவடைப் புழுதி. “ஆஸ்பத்திரியில வேலை செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு லீவு கேக்கிற ஆளை நான் இப்பதான் பாக்கிறன். இனிக் கோயில் குளம் எண்டால் வந்து கேளுங்கோ, தாறன்” எண்டன். லாப்பில நிண்ட எல்லாரும் சிரிச்சவை. அக்காவும் சிரிச்சா. நான் அதைப் பகிடி எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

பிறகு ஒரு திங்கள் பின்னேரம் அக்கா வந்து நிண்டா. “நாளைக்கு லீவு வேணும் மிஸ். அம்மன் கோயில்ல பொங்கணும், நேத்தி.” வன்னியில நேத்திப் பொங்கல் எண்டால் ஒருதரும் மறிக்க மாட்டினம். பெரிய டொக்டரே மறிக்க மாட்டார். நான் மறு கதை இல்லாமல் கையெழுத்து வைச்சன். “வியாழக்கிழமை கிளினிக் மிஸ், புரதம் பாக்கிற இரத்தத்தை நாளைக்கே குடுக்கச் சொன்னாரு. பொங்கிட்டு மத்தியானம் வந்து குடுத்திட்டுப் போறேன்” எண்டா. ஒரே அலைச்சலில ரெண்டு வேலையையும் முடிக்கிறது எங்கடை சனத்தின்ரை பழக்கம்தானே. பஸ் ஏறினால் சந்தையும் பாத்து, பாங்கும் பாத்து, செத்த வீடு இருந்தால் அதுக்கும் தலையைக் காட்டிப்போட்டுத்தான் திரும்புவினம்.

மற்ற நாள் மத்தியானம் வந்தா. முகம் வாடிக் கிடந்தது. பொங்கிப்போட்டு வந்த ஆளின்ரை நெத்தியில திருநீறும் இல்லை, சந்தனமும் இல்லை. அதை நான் கண்டனான். கண்டும் யோசிக்கேல்லை. கதிரையில இருத்தி, கையை நீட்டச் சொன்னன். அக்காவுக்கு இடது கையிலதான் நரம்பு வடிவாத் தெரியும், நான் எத்தினை தரம் எடுத்திருப்பன். இடது கையைச் சீலைத் தலைப்புக்குள்ள வைச்சுக்கொண்டு வலதை நீட்டினா.

“மற்றக் கை அக்கா.”

“இதில எடுங்க மிஸ்.”

“அதில என்ன, பொன்னோ பூட்டிக்கிடக்கு? வெளியில காத்துக்கொண்டு நிக்கிற சனம் தெரியேல்லையோ?”

அக்கா வலது கையை இன்னும் கொஞ்சம் நீட்டினா. நானும் புறுபுறுத்துக்கொண்டு அதிலயே குத்தி எடுத்தன். நம்பர் எழுதின துண்டைக் கையில குடுத்து, முடிவுக்கு இதைக் கொண்டு வாங்கோ எண்டு மற்றாக்களுக்குச் சொல்லுறது போல அவவுக்கும் சொன்னன். அக்கா அதை மடிச்சுப் பேர்சுக்குள்ள வைச்சா.

அடுத்த நாள் காலமை எல்லாற்றை குப்பியோடயும் அவவின்ரையையும் மெஷினில வைச்சன். ஏழெட்டுப் பேரின்ரை படம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்தது. அக்காவின்ரை நம்பர் வரேக்கை நான் கதிரையை இழுத்து முன்னுக்கு இருந்தன். முதல் மலை. ரெண்டாவது. மூண்டாவது. மூண்டாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில, ஒண்டும் நிக்கக் கூடாத இடத்தில, ஒண்டு நிண்டது. ஒடுக்கமா, செங்குத்தா. என்ரை கை குளிர்ந்து போச்சு. பொய் சொல்லேல்லை, ஏசியால இல்லை.

படத்தை மாத்தவேணும் எண்டு மௌசைத் தேடுறன், பின்னால மொப் தடி நிலத்தில ஊண்டுற சத்தம் கேட்டது. அக்கா எண்ணத் தொடங்கீட்டா. “ஒண்டு, ரெண்டு, மூணு...” அதோட நிப்பாட்டினா. பிறகு சத்தம் இல்லாமல் எண்ணினது எனக்கு விளங்கினது.

“இது யாரோடது மிஸ்?”

“உடையார்கட்டில இருந்து வந்த ஒரு ஐயான்ரை” எண்டன். வாய் கூடின எனக்குப் பொய் ஒண்டு எவ்வளவு கெதியா வந்தது எண்டு பாருங்கோ.

அக்கா பேர்சைத் திறந்தா. மடிச்ச துண்டை எடுத்து விரிச்சா. திரையின்ரை மேல் மூலையில இருந்த நம்பரையும் துண்டையும் மாறி மாறிப் பாத்தா. “உடையார்கட்டு ஐயாவுக்கும் எனக்கும் ஒரே நம்பரா மிஸ்?”

அக்கா மொப்பைச் சுவரோட சாத்திப்போட்டு, எனக்குப் பக்கத்தில கிடந்த கதிரையில இருந்தா. அத்தினை வருசத்தில அந்த அறையில அவா இருந்ததை நான் கண்டதில்லை. நாங்கள் ஒருதரும் இருங்கோ எண்டு சொன்னதும் இல்லை. திரையைப் பாத்துக்கொண்டே கேட்டா, “ரெண்டு மாசம் இருக்குமா மிஸ்?”

எனக்கு உடன விளங்கேல்லை. பிறகு விளங்கினது. அவவுக்கு ஒரே ஒரு மகள், பூவரசங்குளத்தில கலியாணம் முடிச்சுக் குடுத்தது. அப்ப வயித்தில ஏழு மாசம். தலைப்பிள்ளை எண்டபடியால் தாய் வீட்டுக்குத்தான் வருவா. அக்கா அறையெல்லாம் ஒதுக்கி, தொட்டில் கட்டக் கூரை வளையில கயிறும் போட்டு வைச்சிருந்தவா. “பிள்ளைக்கு மொதத் தண்ணி நான்தானே மிஸ் வாக்கணும். அது வரைக்கும் இருந்தாப் போதும். பிறகு என்னவும் ஆகட்டும்” எண்டா. அழேல்லை. லீவு கேக்கிற குரலிலதான் கேட்டா.

“இது முடிவு இல்லை அக்கா. இன்னும் ஒரு சோதினை இருக்கு. அது செய்யாமல் ஒண்டும் சொல்லேலாது” எண்டன்.

“நீங்க மெதுவாக் கதைக்கிறீங்க மிஸ்” எண்டு சொல்லிப்போட்டு எழும்பி மொப்பை எடுத்தா. பாதி துடைச்ச நிலத்தை முழுக்கத் துடைச்சு முடிச்சிட்டுத்தான் வெளியில போனா.

மற்றச் சோதினை இதுதான். அந்த ஏழாவது மலை உண்மையான நோய்ப் புரதம் எண்டால் அது எந்தச் சாதி எண்டு பிடிக்க வேணும். அதே இரத்தத்தை அஞ்சாப் பிரிச்சு, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு மருந்து விட்டு ஓட்டுறது. ஒவ்வொரு மருந்தும் தனக்குரிய சாதிப் புரதத்தைப் பிடிச்சு இழுத்துப்போடும். எந்த ஓட்டத்தில மலை காணாமல் போகுதோ, அந்தச் சாதி. ஒண்டிலயாவது காணாமல் போக வேணும். அதுதான் கணக்கு.

அஞ்சையும் ஓட்டினன். அஞ்சிலயும் மலை நிண்டது. ஒரு இம்மியும் குறையேல்லை. மருந்து பழுது எண்டு நினைச்சு, முந்தி நோய் எண்டு தெரிஞ்ச ஒருத்தரின்ரை மிச்ச இரத்தத்தை வைச்சு ஓட்டினன். அதில மலை வடிவாக் காணாமல் போச்சு. மருந்து நல்ல மருந்து. திரும்ப அக்காவின்ரையை ஓட்டினன். திரும்பவும் நிண்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே கிடந்தது. மெஷினோட ஏசத் தொடங்கீட்டன். “ஆரடா நீ? புரதம் எண்டால் போகவேணும், போறாய் இல்லை. அப்ப என்ன நீ?” எண்டு கேட்டன், வாய் விட்டே கேட்டன். கேட்ட பிறகுதான் மண்டையில உறைச்சது. புரதமே இல்லை எண்டால்? மெஷினுக்கு மறிச்சது எண்டுதானே தெரியும். ஊதா வெளிச்சத்தை மறிக்கிற வேற ஏதும் அந்த இரத்தத்துக்குள்ள போயிருந்தால்?

அப்பதான் அந்த வலது கை நினைவுக்கு வந்தது. திருநீறு இல்லாத நெத்தியும்.

அக்கா வெளியில பைப்படியில வாளி கழுவிக்கொண்டு நிண்டா. நான் போன வேகத்துக்கு அவா பயந்தே போனா. “இடது கையைக் காட்டுங்கோ” எண்டன். சீலைத் தலைப்பை விலக்கிக் காட்டினா. முழங்கை மடிப்பில பிளாஸ்ரர் ஒட்டின அடையாளம், அதைச் சுத்தி நீலம் பாரிச்சுக் கிடந்தது.

“நேற்று எங்கை போனனீங்கள் அக்கா?”

நிலத்தைப் பாத்தா. “யாழ்ப்பாணத்துக்கு மிஸ். ஸ்கான் எடுக்க. யாரோ வரலையாம், காலையில வாங்கன்னு முதல் நாள் போன் பண்ணிச் சொன்னாங்க. விடியப்புறம் பஸ்ல போயி எடுத்திட்டு, அப்பிடியே திரும்பி வந்துதான் உங்ககிட்ட இரத்தம் குடுத்தேன்.”

“ஊசியால மருந்து ஏத்தினவையோ?”

“ஓம் மிஸ். உடம்பெல்லாம் சுட்டிச்சு. சீலையிலயே ஒண்டுக்குப் போயிட்டேன்னு நெனைச்சு வெக்கமாப் போச்சு. அப்பிடித்தான் இருக்கும், பயப்படாதீங்கன்னு அங்க இருந்த நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க.”

நான் பைப்படிக் கட்டிலயே இருந்திட்டன். ஸ்கானுக்கு முன்னம் ஏத்துற அந்த மருந்து, படம் வடிவாத் தெரியிறதுக்காக ஏத்துறது. அது ஊதா வெளிச்சத்தை மறிக்கும். ஏத்தின உடன எடுத்த இரத்தத்தை எங்கடை மெஷினில வைச்சால் இல்லாத மலை எழும்பி நிக்கும். பழைய ஜெல்லில சாயம் புரதத்திலதான் பிடிக்கும், அதால அதில இது தெரியவே தெரியாது. இதெல்லாம் நான் படிச்சனான். சோதினையில எழுதி மார்க்ஸும் வாங்கினனான். “ஸ்கான் எடுத்தனீங்களோ” எண்டு ஒரு கேள்வி. அதைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. பொன்னோ பூட்டிக்கிடக்கு எண்டு கேக்க வந்தது.

“ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்? என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?”

அக்கா வாளியை ஒரு பக்கமா உருட்டிவிட்டா. “நீங்கதானே மிஸ் சொன்னீங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு லீவு கேக்கக் கூடாது, கோயில்னாக் கேளுன்னு” எண்டா. குத்திக் காட்டேல்லை. நான் சொன்னதை அப்பிடியே நம்பி, அப்பிடியே நடந்து, அப்பிடியே திருப்பிச் சொன்னா. இந்த வயசு மட்டும் எத்தினை பேர் என்னோட சண்டை பிடிச்சிருக்கினம். ஒருதரும் என்னை அப்பிடி அடிச்சதில்லை.

சந்தோசப்படவும் ஏலாமல் இருந்தது. மருந்தின்ரை மலைக்குக் கீழ உண்மையான சின்ன மலை ஒண்டு ஒளிச்சிருந்தால் அதுவும் தெரியாது. டொக்டருக்கு எல்லாத்தையும் சொன்னன். என்ரை பிழையையும் சொன்னன். அவர் ஏசேல்லை. மருந்து முழுக்கக் கழியட்டும், அடுத்த செவ்வாய் திரும்ப எடுங்கோ எண்டார். அக்காவுக்கும் ஒளிக்காமல் சொன்னன்: பெரும்பாலும் மருந்துதான், ஆனால் செவ்வாய் மட்டும் ஒண்டும் உறுதியாச் சொல்லேலாது எண்டு. அக்கா தலையை ஆட்டினா. “அம்மன் பேரச் சொல்லிப் பொய் சொன்னேன்ல மிஸ். அதான் வந்து நிக்குது” எண்டா. அது மருந்து அக்கா எண்டன். “மருந்துதான் மிஸ். நான் இல்லைங்கலையே” எண்டா.

அந்தக் கிழமை போன மாதிரி ஒரு கிழமை எனக்குப் போனதில்லை. அக்கா வழமை போல வந்தா, துடைச்சா. மெஷின் அறையில மட்டும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடைச்சா. எண்ணேல்லை. நான் தண்ணி வாளியை நானே தூக்கிக் குடுத்தன். மத்தியானம் என்ரை சாப்பாட்டைப் பாதி போட்டுக் குடுத்தன். இருங்கோ அக்கா, இருங்கோ அக்கா எண்டு கதிரையை இழுத்து இழுத்து விட்டன். வெள்ளிக்கிழமை அவவுக்குத் தாங்கேல்லை. “மிஸ், நீங்க ஏசாம இருக்கிறதுதான் பயமா இருக்கு. எனக்கு என்னமோ இருக்கு, நீங்க மறைக்கிறீங்க போலன்னு ராவெல்லாம் நித்திரை இல்லை” எண்டா.

நான் என்ன செய்யிறது? சுத்தி முத்திப் பாத்தன். மேசைக்குக் கீழ ஒரு பஞ்சுத் துண்டு கிடந்தது. “இதென்ன அக்கா, இதையோ கூட்டினது எண்டுறியள்? கண் என்ன பிடரியிலயோ?” எண்டு சத்தம் போட்டன். போடேக்கையே குரல் உடைஞ்சு போச்சு. அக்கா அந்தப் பஞ்சை எடுத்துக் குப்பையில போட்டிட்டு என்ரை முதுகில ரெண்டு தட்டுத் தட்டினா. வருத்தக்காரி அவா, ஆறுதல் எனக்கு.

செவ்வாய் காலமை அக்காவின்ரை குப்பியை மட்டும்தான் முதல் வைச்சன். மற்றச் சனம் காத்திருக்கட்டும் எண்டு விட்டன். இடது கையிலதான் எடுத்தது, அவவாவே நீட்டினா. கதிரையைப் போட்டு, திரைக்கு நேர இருத்தினன். மெஷின் இரையத் தொடங்கினது. தேத்தண்ணி ஊத்தவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அந்தக் கொஞ்ச நிமிசத்தில நான் நேர்ந்த நேத்தியளை எல்லாம் செய்து முடிக்க எனக்கு இன்னொரு பிறவி வேணும்.

கோடு ஏறத் தொடங்கினது. நான்தான் எண்ணினன். ஒண்டு. ரெண்டு. மூண்டு. மூண்டாவது இறங்கி நிலத்தோட வந்தது. போன கிழமை அது நிண்ட இடத்தில ஒண்டும் இல்லை. நாலு. அஞ்சு. ஆறாவது மெதுவா, சரிஞ்ச வரம்பு போல ஏறி இறங்கினது. பிறகு கோடு நேராப் போச்சு. நேராவே போய் முடிஞ்சுது.

“ஆள் தப்பிட்டா” எண்டன்.

அக்கா திரைக்குக் கிட்டப் போய், மூண்டாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில விரலை வைச்சுத் தடவிப் பாத்தா. பிறகு விரல் அடையாளம் பட்டிட்டுது எண்டு சீலைத் தலைப்பால துடைச்சா. அப்பதான் அழுதா. நானும் சேர்ந்து அழுதன். வெளியில சனம் கதவைத் தட்டினது, தட்டட்டும்.

நாரி நோவுக்குக் காரணம் ஸ்கானில வந்தது. சிறுநீரகத்தில கல், அதால கிருமியும். எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிக்கிற சனத்துக்கு அது புதினம் இல்லை. குளிசையோட கிருமி அடங்கினது. கல்லை எடுக்க யாழ்ப்பாணத்தில தவணை குடுத்தவை, மூண்டு மாசம் தள்ளி.

அக்கா கண்ணைத் துடைச்சுப்போட்டு மொப்பை எடுத்தா. வாசல் மட்டும் போனவா திரும்பி நிண்டா. “மிஸ், ரெண்டு லீவு வேணும்.”

“என்னத்துக்கு?”

“ஒண்டு கோயிலுக்கு. பொங்கிறேன்னு சொல்லிட்டேன்ல, பொங்கித்தான் ஆகணும்.” அதோட நிப்பாட்டி என்ரை வாயைப் பாத்தா. “மத்தது ஆஸ்பத்திரிக்கு. கல் எடுக்கிற அண்டைக்கு. இப்பவே சொல்லிட்டேன்.”

“கோயிலுக்கு நீங்கள் போங்கோ” எண்டன். “ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன்.”

பேத்தி எங்கடை ஆஸ்பத்திரியிலதான் பிறந்தது. முதல் தண்ணி அக்காதான் வாத்தா. கல் எடுக்கிற நாள் பிள்ளைக்கு நாப்பது நாள் கழிஞ்சிருந்தது. நாங்கள் ரெண்டு பேரும் லீவுத் துண்டில ‘ஆஸ்பத்திரி’ எண்டு எழுதிக் குடுத்துப்போட்டு முதல் பஸ்ஸில ஏறினம். ஆனையிறவு கடக்கு மட்டும் அக்கா பக்கத்து இருக்கைக்காரருக்கெல்லாம் போனில பிள்ளையின்ரை படத்தைக் காட்டினா. ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் காட்டினா.

அங்கை வாட்டில ஊசி போட வந்த மிஸ்ஸி சரியான அவசரக்காரி. “கையை நீட்டுங்கோ அம்மா, கெதியா, எனக்கு வேற வேலை இல்லையோ?” எண்டா. அந்தக் குரலை எனக்கு நல்லாத் தெரியும், இருபது வருசமா நான் கதைச்ச குரல். அக்கா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இடது கையை நீட்டினா. வலது கை என்ரை கைக்குள்ள இருந்தது.